சத்தம் வருது, படம் இல்லை

கரண்ட் ஒரேயடியாகப் போயிருந்தால்கூட விமலேஸ்வரி பொறுத்திருப்பாள். அது போகவில்லை. ஒருக்காக் கண்ணைச் சிமிட்டியது, அவ்வளவுதான். மின்விசிறி ஒரு சுற்றுத் தயங்கிவிட்டு மறுபடி சுற்றியது. குசினியில் பிரிஜ் ஒரு உதறு உதறியது. ஹோல் சுவரில் மாட்டியிருந்த ஐம்பத்தைந்து அங்குல ரீவி கறுத்து, பிறகு வெளித்தது. வெளித்து என்ன, படம் இல்லை. நீலத்திரையில் ‘நோ சிக்னல்’ என்று ஒரு சின்னக் கட்டம் மட்டும், வேலைவெட்டி இல்லாதவன் சந்தியில் திரிகிற மாதிரி, மூலைக்கு மூலை திரிந்துகொண்டிருந்தது.

சத்தத்துக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை. ஐயர் சொல்கிற மந்திரம் முன்னால் நின்ற பெரிய ஸ்பீக்கர்களில் வந்தது. சனத்தின் அழுகை பின்சுவர் ஸ்பீக்கர்களில் வந்தது. சுவிஸில் ஒரு மண்டபத்தில் நடக்கிற செத்தவீடு, ஒட்டுசுட்டானில் இந்த வீட்டு ஹோலுக்குள் நாலாபக்கமும் கேட்டது. அந்த மண்டபத்தின் நடுவில் திறந்த பெட்டிக்குள் கிடந்தவர் விமலேஸ்வரியின் ஒரேயொரு அண்ணன், செல்வராசா.

கமரா பிடித்தவன் வாசலில் இருந்து சனத்தை விலக்கிக்கொண்டு மெல்ல மெல்லப் பெட்டிக்குக் கிட்ட வந்துகொண்டிருந்தான். கால்மாடு தெரிந்தது. பட்டுவேட்டிக் கரை தெரிந்தது. நெஞ்சில் சேர்த்து வைத்த கை தெரிந்தது. முகத்துக்கு இன்னும் ஒரு எட்டு. அவன் அந்த எட்டை வைக்கவும் கரண்ட் கண்ணைச் சிமிட்டவும் சரியாக இருந்தது.

“அறுந்து போன கரண்ட்,” என்றாள் விமலேஸ்வரி. துக்கம் கேட்க வந்து பாயில் இருந்த அயல் பெண்கள் ஒருவரும் அதைக் குறையாக நினைக்கவில்லை.

அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். பெட்டியை மூட முதல் அண்ணனின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும். ஒன்பது நாளைக்கு முதல் வேலைக்குப் போக வெளிக்கிட்டவர், சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தபடியே சரிந்துவிட்டாராம். அங்கே போய்ச் சேர்வதற்கு அவளிடம் இருந்தது மூன்று வருடத்துக்கு முதல் காலாவதியான ஒரு பாஸ்போர்ட். ஆகவே இந்த ரீவிதான் அவளுக்குச் செத்தவீடு. அண்ணன் மகன் கோகுலன் நேற்றே சொல்லிவிட்டான்: “மாமி, உங்கட நேரம் மூண்டுக்குக் கால் மணித்தியாலம் இருக்க மூடிடுவினம். ஹோல் வாடகைக்கு எடுத்தது. ஒரு நிமிசம்கூடக் கூடத் தரமாட்டாங்கள்.”

சுவர் மணிக்கூட்டில் நேரம் இரண்டு மணி ஐந்து நிமிடம்.

கரண்ட் விஷயத்தில் அவள் கவலையீனமாக இருந்தாள் என்று ஒருவரும் சொல்ல முடியாது. வளைவில் இருக்கிற அரிசி மில்லில் மோட்டரைப் போட்டால் இந்த ஒழுங்கை முழுக்க லைட் மங்கும். அதனால் காலையிலேயே நடந்து போய், பின்னேரம் மூன்று மணி மட்டும் மில்லைப் போட வேண்டாம் என்று மன்றாடிவிட்டு வந்திருந்தாள். மில்காரனும் நெல்லோடு வந்த சனத்தைத் திருப்பி அனுப்பிச் சொல்லைக் காப்பாற்றினான். அப்படியிருந்தும், காட்டுக்குள் எந்தக் கொப்பு எந்தக் கம்பியில் முட்டியதோ.

விளங்காத ஒன்று நடந்தால் ரிமோட்டைத் தூக்குவது அவள் புருசன் குகதாசனின் வழக்கம். பத்து வருடமாகியும் பொலித்தீன் உறை கழற்றாத அந்த ரிமோட்டை அவர் நீட்டி நீட்டி அமத்தினார். ஒவ்வொரு அமத்தலுக்கும் ரீவிக்குக் கீழே இருந்த, படத்தை ரீவிக்கும் சத்தத்தை ஸ்பீக்கர்களுக்கும் பிரித்துக் கொடுக்கிற ரிசீவர், என்னவோ விளங்கிக்கொண்ட மாதிரி, எழுத்தை மாற்றி மாற்றிக் காட்டியது. படம் வரவில்லை. நாலாவது அமத்தலில் ஐயரின் குரல் எதிரொலிக்கத் தொடங்கியது. ஐந்தாவதில் அவர் ஒரு கிணற்றுக்குள் இருந்து மந்திரம் சொன்னார்.

“என்னப்பா செய்யிறியள்?”

“பொறும். வருது.”

“எங்க வருது? ஐயரைக் கிணத்துக்க இறக்கிப்போட்டு நிக்கிறியள். கையை எடுங்கோ.”

“சத்தம் வருது, படம் இல்லை. அப்ப பழுது படத்திலதான் இருக்கு,” என்றார் குகதாசன், பெரிய கண்டுபிடிப்புப் போல. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து வீட்டுச் சுதர்சினி ரீச்சர் தன் போனில் அதே நேரலையை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். “அன்ரி, இதில பாருங்கோ, இதில தெரியுது.” விமலேஸ்வரி போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள், தூரப் பிடித்தாள், திரும்பக் கிட்டக் கொண்டுவந்தாள். சீனி வருத்தம் இரண்டு கண்ணிலும் இறங்கி இரண்டு வருடம். அந்தச் சின்னத் திரையில் வெள்ளையும் மஞ்சளும் கலங்கிக் கிடந்தன. எது பூ, எது அண்ணன் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“எனக்குத் தெரியேல்ல பிள்ளை. நீ பார்த்துப் பார்த்து என்ன நடக்குதெண்டு சொல்லு,” என்று கொடுத்துவிட்டாள்.

பிறகு பழக்கதோஷத்தில் தன் போனை எடுத்து வட்ஸ்அப்பைத் திறந்து, இப்படியான நேரங்களில் எப்போதும் கூப்பிடுகிற பெயரைத் தேடினாள். ‘அண்ணா’ என்று கிடந்தது. விரல் அதற்கு மேலே போய் நின்றுவிட்டது. பிறகு போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். யாரைக் கூப்பிடப் போனாள் என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

இந்த ரிசீவரையும் ஸ்பீக்கர்களையும் கொண்டுவந்தவரே அண்ணன்தான். பத்து வருடத்துக்கு முதல் இந்தப் புதுவீட்டுக் குடிபூரலுக்கு வந்தபோது, தன் உடுப்பு ஒரு சின்னப் பையில். மிச்ச இரண்டு சூட்கேசிலும் இது. “தங்கச்சி வீட்டில படம் பாத்தா தியேட்டர் மாதிரி இருக்க வேணும்” என்றார். “வயர் தொங்கினா அது வீடில்லை” என்றும் சொல்லி, ரிசீவரில் இருந்து ரீவிக்குப் போகிற வயரைச் சுவரைக் கொத்தி உள்ளே விட்டு, மேசனைக் கொண்டு பூசியும் விட்டார். வடிவாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு கரண்ட் கண்ணைச் சிமிட்டுகிற நேரமெல்லாம் படம் போனது. படம் போனால் விமலேஸ்வரி சுவிசுக்குப் போன் அடிப்பாள். அண்ணன் அங்கே இருந்து, “பின்பக்கத்தைக் காட்டு, அதில்லை, மற்றப் பின்பக்கம், போனை நேராப் பிடி, நீ நிலத்தைக் காட்டுறாய்” என்று அரைமணி நேரம் கத்துவார். ஒரு தரம் இரண்டு தரம் இல்லை. அண்ணனும் தங்கச்சியும் பத்து வருடத்தில் கதைத்த கதையில் பாதிக்கு மேல் இந்தச் சனியன் பிடித்த ரிசீவரைப் பற்றித்தான்.

இப்போது யாரைக் கேட்பது?

தண்ணீரூற்றுச் சந்தியில் ரீவி திருத்துகிற கடை வைத்திருக்கும் சப்ராஸ்தான் அடுத்து நினைவுக்கு வந்தான். குகதாசன் அடித்தார். நல்ல பிள்ளை, முதல் மணியிலேயே எடுத்தான். விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தணித்துக்கொண்டான்.

“அக்காட்டக் குடுங்கோ அண்ணை… அக்கா, நான் இப்ப வவுனியாவில நிக்கிறன், உடன வர ஏலாது. நீங்கள் ஒண்டு செய்யுங்கோ. செற்றை, அந்த ரிசீவரை, விடுங்கோ. இன்ரநெற்றில படம் எடுக்கிற சின்னப் பெட்டியில இருந்து வாற வயரை நேரா ரீவிக்குப் பின்னால கொழுவுங்கோ. படம் வந்திடும்.”

“ரீவிக்குப் பின்னால கை போகாது தம்பி. சுவரோட ஒட்டி நாலு போல்ற் அடிச்சுக் கிடக்கு. வயர் சுவருக்குள்ள.”

“சுவருக்குள்ளயோ?”

“ஓம். பூசி, பெயின்றும் அடிச்சாச்சு.”

“அப்பிடியெண்டா மெயினை நிப்பாட்டிப்போட்டு ஒருக்காப் போட்டுப் பாருங்கோ அக்கா. எல்லாம் ஓய்ஞ்சு எழும்பினாச் சில வேளை சரிவரும்.”

அவன் சொல்லி முடிக்க முதல் குகதாசன் விறாந்தைக்குப் போய் மெயின் சுவிச்சைக் கீழே இழுத்துவிட்டார். மின்விசிறி நின்றது. ரீவி அணைந்தது. மந்திரம் பாதிச் சொல்லில் அறுந்தது. பாயில் இருந்த பெண்கள் ‘ஐயோ’ என்றார்கள். ரீவிக்குக் கீழே, அலுமாரித் தட்டுக்குள் எங்கேயோ இருந்து ‘கீக், கீக்’ என்று ஒரு சத்தம் வந்தது. யாருடையதோ போன் என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள். ரிசீவரில் ஒரு நீலப் புள்ளி மட்டும் அணையாமல் எரிந்தது. அதை விமலேஸ்வரி கண்டாள்தான். கண்டு என்ன, அவளுக்கு இருந்த விசரில் அது ஒரு விஷயமாகப் படவில்லை.

மெயினைத் திரும்பப் போட்டார். ரவுட்டர் கண் முழித்து, இன்ரநெற் வந்து, சின்னப் பெட்டி தன் முகப்பைக் கடந்து, நேரலை திரும்பத் தொடங்க ஐந்து நிமிடம் போயிற்று. வந்தது சத்தம். திரிந்தது அதே நீலக் கட்டம்.

“சுண்ணம் இடிக்கப் போகினம் அன்ரி,” என்றாள் சுதர்சினி போனைப் பார்த்தபடி. உலக்கை உரலில் விழுகிற சத்தம் நிலத்தில் இருந்த தடித்த ஸ்பீக்கரில் தொம், தொம் என்று இறங்கியது. அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. சுண்ணம் இடித்து முடிந்தால் வாய்க்கரிசி. வாய்க்கரிசி முடிந்தால் மூடி.

“விடும் விமலா,” என்றார் குகதாசன். “சத்தமாவது கேக்குதுதானே. கேட்டு அழுவம். பேந்து கோகுலன் வீடியோ அனுப்புவான், ஆறுதலாப் பாக்கலாம்.”

“பேந்து பாக்கிறதுக்கு அது என்ன கலியாண வீடே?” என்று அவள் சீறினாள். “மூடி முடிஞ்ச பிறகு பாத்தா அது படம். மூட முதல் பாத்தாத்தான் அது அண்ணா. உங்களுக்கு இது விளங்குதோ இல்லையோ?”

அவருக்கு விளங்கியதோ என்னவோ, ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டார்.

அப்போதுதான் விமலேஸ்வரி மடியில் கவிழ்த்து வைத்திருந்த போனைத் திரும்ப எடுத்தாள். உண்மையைச் சொன்னால், படம் போன நேரத்தில் இருந்தே அது அவளுக்கு நினைவில் இருந்தது. நினைவில் இல்லாத மாதிரி நடித்துக்கொண்டிருந்தாள்.

நாலு கிழமைக்கு முதலும் இப்படித்தான் படம் போனது. நீலத்திரையைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினாள். பதிலுக்கு ஒரு குரல்பதிவு வந்தது. எட்டு நிமிடம் நாற்பத்திரண்டு வினாடி. யார் கேட்பது? அடுப்பில் கறி, வாசலில் மாடு. பெருவிரலை உயர்த்துகிற படத்தைத் தட்டி அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். மறுநாள் லைன் திருத்துகிறோம் என்று காலையில் இருந்து பொழுதுபடும் வரை கரண்டை வெட்டினார்கள். கரண்ட் வந்தபோது படமும் தன்பாட்டில் வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து அண்ணன், ‘கேட்டனியே?’ என்று எழுதினார். அதற்கும் ஒரு பெருவிரல்.

ஒன்பது நாளாக அந்தப் பக்கத்தைத் திறக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. குரலைக் கேட்டால் உடைந்துபோவாள் என்று தெரியும். இத்தனை சனத்துக்கு முன்னால் உடைய அவளுக்கு விருப்பமில்லை. ஆனால் முகம் வேண்டும் என்றால் குரலைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். வேறு வழியை அந்த மனுசன் விட்டுவைக்கவில்லை.

அவள் ரிசீவரின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, குரல்பதிவின் முக்கோணத்தைத் தட்டினாள்.

“விமலா. உன்ர போட்டோ வந்தது. போட்டோவில என்ன கிடக்கு? நீலம். நீலத்தைப் படம் பிடிச்சு அனுப்பினா நான் என்னத்தையடி கண்டுபிடிக்கிறது? பின்பக்கத்தை எடு, பின்பக்கத்தை எடு எண்டு எத்தின வருசமாச் சொல்லுறன்…”

பாயில் இருந்த பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பெட்டிக்குள் கிடக்கிறவரின் குரல் இப்படிப் பச்சையாக, கோபமாக, இருமலோடு ஹோலுக்குள் வந்து நிற்கும் என்று யார் நினைத்தார்கள்.

“…நான் ட்ராமுக்கு நிக்கிறன், சத்தமாக் கிடக்கும், குறை நினைக்காத. முதல் சொல்லு, குளிசை ஒழுங்காப் போடுறியோ? கண்ணுக்குக் கிளினிக் போனனியோ? போகேல்ல. எனக்குத் தெரியும். போகாமலே போனனான் எண்டு சொல்லுவாய்…”

“விசயத்துக்கு வாறாரில்லையே,” என்று குகதாசன் மணிக்கூட்டைப் பார்த்தார். “எப்பன் முன்னுக்குத் தள்ளிப் பாருமன்.”

அவள் விரலால் தள்ளினாள். அது போய் எங்கேயோ நின்று, “அதாலதான் நான் சொல்லுறன் குரங்கு தேங்காயைப் பிடுங்காமல் இருக்க வேணுமெண்டா” என்றது. பின்னுக்கு இழுத்தாள். திரும்பக் கிளினிக். தலையிலடித்துக்கொண்டு விட்டாள். இவர் ஒரு நாளும் ஒரு விஷயத்தை நேரே சொன்னவரில்லை. மழையா என்று கேட்டால் போன வருட மழையில் இருந்து தொடங்குவார். எரிச்சலில் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எரிச்சல்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

“பேசாம இருங்கோ, முழுக்கக் கேப்பம்,” என்றாள்.

“…சரி, விசயத்துக்கு வாறன். போன கிழமை முழுக்க இதைத்தான் யோசிச்சனான். கரண்ட் சிமிட்டேக்க ரீவி நிண்டு எரியுது. செற் நிக்கிறேல்ல. ஏன் நிக்கிறேல்ல? நான் அனுப்பின யூ.பி.எஸ். இருக்கெல்லே, கரண்ட் போனாலும் பற்றரியில ஓடுற பெட்டி. அதை ரீவிக்கும் இன்ரநெற்றுக்கும் எண்டு அனுப்பினனான். நீங்கள் செற்றை அதில கொழுவி வைச்சிருக்கிறியள். ஆர் கொழுவினது? குகதாசனாத்தான் இருக்கும். விலை கூடின சாமான், அதுக்குத்தான் பாதுகாப்பு வேணுமெண்டு நினைச்சிருப்பான்.”

எல்லாரும் திரும்பிக் குகதாசனைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார்.

“…அதால என்ன நடக்குது? ரீவி ஒருக்கா அணைஞ்சு புதுசா எழும்பி நிக்குது. செற்றுக்கு அது தெரியாது. இரண்டும் திரும்ப ஆளையாள் அறிமுகம் செய்ய வேணும். அதுக்குச் செற் முழுசா ஓய வேணும். மெயினை நிப்பாட்டினாலும் ஓயாது, பற்றரி குடுத்துக்கொண்டிருக்கும். யூ.பி.எஸ்ஸில இருந்து செற்றின்ர பிளக்கைக் கழட்டு. பத்து நிமிசம் விடு. பத்தெண்டாப் பத்து. உனக்குப் பொறுமை இல்லை, இரண்டு நிமிசத்தில திருப்பிக் கொழுவிப்போட்டு, அண்ணா சரிவரேல்ல எண்டு அடிப்பாய். பத்து நிமிசத்துக்குப் பிறகு முதல் ரீவி, பேந்து செற், கடைசியாச் சின்னப் பெட்டி. இந்த ஒழுங்கு மாறப்படாது.”

விமலேஸ்வரி பதிவை நிறுத்தினாள். மணி இரண்டரை. பத்து நிமிடம் போனால் இரண்டு நாற்பது. எல்லாம் எழும்ப இரண்டு நிமிடம். மிஞ்சுவது மூன்று.

“இஞ்சாரும், கழட்டினாச் சத்தமும் போயிடும்,” என்றார் குகதாசன். “சரிவராட்டில் இருக்கிறதும் இல்லை. யோசிச்சுச் செய்யும்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளை இன்னும் எரித்தது. உலக்கைச் சத்தம் மெல்லிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போதைக்கு அண்ணனிடம் இருந்து அவளுக்கு வந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான். அதையும் தன் கையாலேயே நிறுத்த வேண்டும். நிறுத்தி, அந்தப் பத்து நிமிடத்துக்குள் அங்கே மூடிவிட்டால்?

“அவர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்,” என்றாள். “பத்து வருசமா ஒருக்காலும் பிழைக்கேல்ல. நான்தான் கேட்டுச் செய்யிறேல்ல.”

அலுமாரிக் கீழ்த்தட்டில், அவளே பின்னிப் போட்ட வெள்ளைத் துணிக்கும் அதற்கு மேல் வைத்த பிளாஸ்ரிக் பூச்சாடிக்கும் கீழே, அந்த யூ.பி.எஸ். கிடந்தது. இடைக்கிடை கீக் கீக் என்று கத்துகிறது என்று அவள்தான் துணியைப் போட்டு மூடியிருந்தாள். பூச்சாடியைத் தூக்கிக் குகதாசனின் கையில் கொடுத்தாள். துணியை உருவினாள். கறுத்தப் பிளக்கைப் பிடித்து இழுத்தாள்.

நீலப் புள்ளி அணைந்தது. உலக்கைச் சத்தம் நின்றது. ஹோலில் மின்விசிறியின் சத்தம் மட்டும் இருந்தது. மில் ஓடாத ஊர் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. நாலு கிழமைக்கு முதல் படம் தன்பாட்டில் வந்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. முழுநாள் வெட்டில் பற்றரி தீர்ந்து, இது அன்றைக்கு ஓய்ந்திருக்கிறது. அவள் திருத்தவில்லை.

பத்து நிமிடம் சும்மா இருக்க அவளால் முடியாது. திரும்ப முக்கோணத்தைத் தட்டினாள்.

“கழட்டிப்போட்டியோ?” என்றார் அண்ணன். “சரி. பத்து நிமிசம் கிடக்கு. அதுவரைக்கும் நான் கதைக்கிறன், இல்லாட்டி நீ கையை வைப்பாய்.”

விமலேஸ்வரி நிலத்தில் இருந்துவிட்டாள்.

“இஞ்ச ட்ராம் இன்னும் வரேல்ல. குளிர். ஆவணியில வாறன் விமலா, டிக்கெற் பாத்து வைச்சிருக்கிறன். வந்து முதல் வேலை, அந்தச் சுவரை உடைச்சு வயரை வெளியால எடுக்கிறது. தொங்கினாத் தொங்கட்டும். அதைப் புதைச்சது என்ர பிழைதான். வடிவா இருக்கட்டும் எண்டு செய்தது, உனக்குக் கரைச்சலாப் போச்சு. இதை உன்ர முகத்துக்கு நேர சொல்லமாட்டன், நீ பேந்து பிடிச்சுக்கொள்ளுவாய்.”

இருமினார்.

“பாவி, அப்பவே இருமல்,” என்றாள் அவள், யாருக்கும் இல்லாமல்.

“உனக்கு இந்தச் செற்றால சினம். எனக்குத் தெரியும். வித்துப்போடுவம் எண்டு குகதாசன் இரண்டு தரம் சொன்னவன். நான்தான் விடேல்ல. ஏன் சொல்லு பாப்பம்? அது ஒழுங்கா வேலை செய்தா நீ எனக்கு அடிப்பியோ? வருசப் பிறப்புக்கும் தீவாளிக்கும் அடிப்பாய். ‘சுகமோ அண்ணா, சுகம், வைக்கிறன்.’ முடிஞ்சுது. படம் போனாத்தான் அரைமணித்தியாலம் கதைக்கிறாய். நான் கத்த, நீ கத்த, அது ஒரு நல்ல பொழுது எனக்கு. இஞ்ச என்னோட கத்திறதுக்கு ஆர் இருக்கினம்?”

சுதர்சினி போனில் இருந்து கண்ணை எடுத்துவிட்டாள். குகதாசன் பூச்சாடியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். விமலேஸ்வரி அழவில்லை. முந்தானையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள்.

“…இன்னும் பத்து நிமிசம் ஆகேல்ல. அவசரப்படாத. முழுக்கக் கேட்டனீ எண்டால், உந்தப் பெருவிரலைக் காட்டிப்போட்டு விடாத. எனக்கு அந்தப் பெருவிரலைக் கண்டா விசர் வாறது. வாயால ஓம் எண்டு சொல்லு. ட்ராம் வந்திட்டுது. வைக்கிறன்.”

கதவு திறக்கிற சத்தம், ஒரு மணி, பிறகு ஒன்றுமில்லை.

இரண்டு முப்பத்தைந்து. இன்னும் ஐந்து நிமிடம். அந்த ஐந்தைப் போல நீளமான ஒன்றை அவள் தன் வாழ்நாளில் கண்டதில்லை.

“வாய்க்கரிசி தொடங்கிட்டினம் அன்ரி.”

“எத்தின பேர் நிக்கினம்?”

“லைன் பெரிசாத்தான் நிக்குது.” சற்றுப் பொறுத்து, “கோகுலன் போட்டிட்டார்,” என்றாள்.

“காணுமப்பா, ஏழு நிமிசமாச்சு, கொழுவிப் பாப்பம்,” என்று குகதாசன் குனிந்தார்.

“பத்தெண்டாப் பத்து,” என்றாள் விமலேஸ்வரி. பிளக்கைத் தன் மடிக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“அன்ரி, லைன் குறையுது. பத்துப் பன்ரண்டு பேர்தான்.”

விமலேஸ்வரி மணிக்கூட்டின் பெரிய முள்ளைக் கலங்கிய கண்ணால் முறைத்துக்கொண்டிருந்தாள். அது எட்டைத் தொட்டது.

“ரீவி,” என்றாள். குகதாசன் நிப்பாட்டிப் போட்டார். நீலம் வந்தது. அவள் குனிந்து பிளக்கை, இந்தத் தரம் சுவரில் இருந்த பொயின்ரில், செருகினாள். ரிசீவர் ‘டக்’ என்றது. நீலப் புள்ளி எரிந்தது. “சின்னப் பெட்டி.” அதையும் அவர் நிப்பாட்டிப் போட, அது எரிந்து, முகப்பைக் காட்டாமல் இழுத்தடித்து, கறுத்தது. நீலக் கட்டம் இல்லை. கறுப்பு.

“கோதாரி விழ, என்னப்பா இது,” என்று அவள் தொடங்கினாள்.

படம் வந்தது.

கமராக்காரன் அந்த ஒரு எட்டை எப்போதோ வைத்திருந்தான். தலைமாட்டிலேயே நின்றான். அண்ணனின் முகம் சுவரளவுக்குத் தெரிந்தது. நெற்றியில் திருநீறு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றியிருந்தார்கள், மூக்கின் இரு பக்கமும் அதன் தடம் இருந்தது. இரு புருவத்துக்கும் நடுவில், பின்பக்கத்தைக் காட்டு என்று கத்துகிறபோது விழுகிற அந்தச் சுருக்கம் அப்படியே கிடந்தது. இவ்வளவு பெரிதாக அவரை அவள் பார்த்ததே இல்லை. அவளுடைய கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது. நாடியில் ஒட்டியிருந்த ஒரு அரிசிகூடத் தெரிந்தது.

பெண்கள் எழும்பிக் குழறத் தொடங்கினார்கள். ஸ்பீக்கர்களில் அங்கே குழறினார்கள். விமலேஸ்வரி எழும்பிப் போய் ரீவிக்கு ஒரு முழத்தில் நின்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வந்தது என்றால், நிற்க முடியாமல் வந்தது. “கேட்டிருக்கலாமே, கேட்டிருக்கலாமே,” என்று தன் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். ஒருவரும் அவளைப் பிடிக்கவில்லை.

கறுத்தக் கோட்டுப் போட்ட இரண்டு பேர் படத்துக்குள் வந்தார்கள். மூடியைத் தூக்கினார்கள்.

“இஞ்சாருங்கோ, போன், என்ர போன்.”

“இப்ப ஏனப்பா போன்?”

“தாங்கோ எண்டுறன்.”

அவள் கண்ணைத் துடைக்காமலே ‘அண்ணா’வைத் திறந்தாள். எட்டு நிமிடம் நாற்பத்திரண்டு வினாடிக்குக் கீழே அவள் அனுப்பிய பெருவிரலும், அதற்குக் கீழே அவருடைய ‘கேட்டனியே?’யும், அதற்குக் கீழே இன்னொரு பெருவிரலும் கிடந்தன. மைக்கை அமத்திப் பிடித்தாள்.

“ஓம் அண்ணா,” என்றாள். “முழுக்கக் கேட்டனான். படம் வந்திட்டுது.”

மூடி இறங்க முதல் விரலை எடுத்து, அனுப்பிவிட்டாள்.